நாலு மூட்டை மணல்

கோபன்ஹேகனில் ஒரு புதன்கிழமை,
மழை விட்டும் விடாத மதியம்.
சீட்டு வாங்கியிருந்தோம் பதினோரு பேர்.
பளிங்குத் தூண்களுக்கு இடையே
சூடாக மணந்தது சாணம்.

தங்க முலாம் வண்டியைக்
கயிற்றுக்கு இப்பால் நின்றுதான் பார்க்கலாம்.
கதவில் ஒரு கிரீடம்.
கிரீடத்தின் மேல் ஓர் ஈ.

லாயக்காரி கிரிதே எங்களை முற்றத்துக்குக் கூப்பிட்டாள்.
"ஓர் உதவி. கத்த வேண்டும்."
குதிரைகளுக்குக் கூட்டம் பழக வேண்டுமாம்.
ஆளுக்கொரு கொடி தந்தாள்.
குடை வைத்திருப்பவர்கள் படாரென்று விரிக்க வேண்டும்.
பல் மருத்துவர் ஓலுஃபுக்குத்
தகர டப்பாவும் கரண்டியும்.

ஆறு வெள்ளைக் குதிரைகள் திரும்பி வந்தன.
பின்னால் பழைய பழுப்பு வண்டி.
உள்ளே அரசர் இல்லை,
அவர் எடைக்கு நாலு மூட்டை மணல்,
சரியாமலிருக்க வார் போட்டு.

வாழ்க என்றோம்.
முதல் சுற்றில் முணுமுணுப்பு.
இரண்டாம் சுற்றில் வெட்கம் விட்டுப்போனது.
ஆல்போர்க்கிலிருந்து ரயிலில் வரும்போது
முடியாட்சி எதற்கு, யார் காசு என்று
ஐந்து மணிநேரம் வாதாடிய என் தங்கை இங்கேலிஸ்
தொண்டை கம்மக் கத்தினாள்,
மணலுக்கு.

குதிரைகள் காதைக்கூட அசைக்கவில்லை.
டப்பாவுக்கும் இல்லை, குடைக்கும் இல்லை.

மூச்சு வாங்க எல்லோரும்
ஒரே சமயத்தில் நிறுத்தினோம்.

அப்போதுதான் மிரண்டது
இடப்பக்கத்துக் கடைசிக் குதிரை.
குளம்பு வழுக்கி, வார் முறுகி,
ஒரு மூட்டை பிரிந்து
படிக்கட்டில் ஒழுகியது.

கிரிதே குறிப்பேட்டில் என்னவோ எழுதினாள்.
துடைப்பத்தை ஓலுஃபிடம் நீட்டினாள்.
"இன்னொரு தடவை" என்றாள்.

கொடியை முதலில் தூக்கியவள்
இங்கேலிஸ்.