முப்பத்தெட்டு சென்டிலிட்டர்

டோல் தாண்டியதும் ஒரு ரவுண்டானா.
மூன்றாவது வழி என்றேன்.
இரண்டாவதில் திருப்பினாய்.
அப்புறம் நாற்பது கிலோமீட்டர்
வழிகாட்டிக் கருவியின் பெண் குரல் மட்டும்
நம் இருவருக்கும் சேர்த்துப் பேசியது.

பொலிஞியில் சந்தை கலைந்துகொண்டிருந்தது.
பாலாடைக்கட்டிக் கடைக்காரர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்,
"எத்தனை மாதம்?"
பதினோரு வருஷம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் கத்திமுனை காட்டியது:
பன்னிரண்டு, பதினெட்டு, முப்பது.
வண்டிச் சக்கரம் போல மூன்று வட்டங்கள்.
முப்பதைக் கடித்ததும்
பல்லுக்கடியில் ஏதோ நறநறத்தது.
"உப்பில்லை" என்றார்.
என்னவென்று சொல்லுமுன் மணி பன்னிரண்டு.
ஷட்டர் இறங்கிவிட்டது.

செங்குத்துப் பாறையின் விளிம்பில்
ஷாத்தோ ஷாலோன்.
கன்னிமாடத் தலைவிகள் ஆண்ட ஊராம்.
தேவாலயத்துக்குக் கல்லாலேயே கூரை.
கீழே நீலஞ்செத்த சாம்பல் மண்ணில்
சீப்பு இழுத்தாற்போல் திராட்சைக் கொடிகள்.
'மதிய உணவு ஒன்றரை வரை' என்ற பலகையை
ஒன்று முப்பத்தைந்துக்கு வாசித்தோம்.
அதற்கும் நாம் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

ரப்பர் பூட்ஸோடு குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்
கிலேன் வுயே.
மூடியாயிற்று என்றாள்.
பிறகு நம் முகங்களைப் பார்த்தாள்.
சாவியை எடுத்தாள்.

நிலவறையில்
கோடையும் குளிரும் தாராளமாய் வந்துபோகின்றன.
"மற்ற ஊர்களில்
குறையக் குறைய நிரப்புவார்கள்.
நாங்கள் தொடமாட்டோம்.
ஆறு வருஷம், மூன்று மாதம்."
கண்ணாடி முகம் வைத்த பீப்பாய் ஒன்றில்
டார்ச் அடித்துக் காட்டினாள்.
மஞ்சள் திரவத்தின் மேல்
சுருக்கம் விழுந்த வெண்சாம்பல் படலம்.
அதற்கு முக்காடு என்று பேராம் அவர்கள் மொழியில்.

"ஆடை" என்றேன் உன்னிடம்,
நாற்பது கிலோமீட்டருக்குப் பின் முதல் சொல்.
பாலில் படிவதற்கும் உடம்பில் உடுப்பதற்கும்
நமக்கும் ஒரே வார்த்தைதானே.
நீ அதை உன் ஓட்டைப் பிரெஞ்சில் அவளிடம் சொல்ல,
உங்கள் ஊரில் பசுக்களுக்குத் துணி கட்டுவார்களா
என்று கேட்டாள், நிஜமான அக்கறையோடு.

நான் சிரித்துவிட்டேன்.
நீ சிரிக்காமலிருக்கப் பார்த்தாய்.

"உள்ளே காலியிடம் இல்லாவிட்டால்
ஆடை கட்டாது" என்றாள் கிலேன்.
"லிட்டருக்கு அறுபத்திரண்டு சென்டிலிட்டர் மிஞ்சும்.
இந்தக் குட்டைக் குப்பி அந்த அளவுக்குத்தான்."
மீதி முப்பத்தெட்டு?
கரிபிடித்த கூரையைப் பார்த்து
உதட்டைப் பிதுக்கினாள்:
"தேவதைகள். பாக்கி வைப்பவர்கள்."

எல்லாப் பீப்பாயும் தேறுமா என்று கேட்டாய்.
கோடியிலிருந்த ஒன்றைக் காலால் தட்டினாள்.
அதே திராட்சை, அதே மரம்,
பக்கத்துப் பக்கத்து இருப்பு.
நாலாம் வருஷம் ஆடை கிழிந்தது.
ஏனென்று தெரியாது.
"சாலட்டுக்கு ஆகும்" என்றாள்.

முதல் வாயில் வறுத்த வெந்தயம்.
சத்தியமாய் வெந்தயம்.
அப்புறம் வால்நட் தோலின் துவர்ப்பு.
விழுங்கி வெகுநேரம் ஆகியும்
நாக்கை விட்டு இறங்க மனமில்லாத ஒன்று.
உன் முகம் அஷ்டகோணலானது.
பையிலிருந்த முப்பது மாதத்தைப் பிளந்து
உன் கையில் வைத்தாள்.
மென்றுவிட்டு இன்னொரு மடக்கு குடித்தாய்.
கண்ணை மூடிக்கொண்டாய்.
எதிரே ஆள் இருக்கிறேன் என்பதே
உனக்கு மறந்துபோனது தெரிந்தது.
ஆச்சரியம், எனக்கது வலிக்கவில்லை.

திரும்பும்போது
குப்பிக்குப் பின்சீட்டில் பெல்ட் மாட்டினாய்.
அதே ரவுண்டானா, எதிர்ப்பக்கத்திலிருந்து.
"எந்த வழி?" என்றாய்.
எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.
நீ இன்னொரு சுற்று சுற்றினாய்.