ஏழாவது கேள்வி

கொருன்யாவிலிருந்து வந்த அதிகாரி
சமையலறை மேசையில் மூன்று தாள்களை விரித்தார்.
அவருடைய கோட்டிலிருந்து மழை சொட்டியது.
கண்டெடுத்த பொருள்: நாணயம், ஒன்று.
கண்டெடுத்தவர்: ஒன்பது வயதுச் சிறுமி, சுற்றுலாப் பயணி.
இடம்: ஆங்கிலேயன் குகை.
படகு ஓட்டியது நீங்கள்தானா?
நான்தான். சபேலா.

ஏழாவது கேள்விக்கு நேரே
பேனாவை நட்டுவைத்துக் காத்திருந்தார்:
பொருளின் முந்தைய உரிமையாளர் யார்?

காப்பி கொதிக்கிறது என்று எழுந்தேன்.

எந்த உரிமையாளரைச் சொல்வது?
படகில் நான் சொல்லும் கதைப்படி
ஒற்றைக் காதுக் கொள்ளைக்காரன் ஒருவன்.
செவ்வாய்க்கிழமைகளில் அவனுக்கு இரண்டு காதும் உண்டு,
கால்தான் இல்லை.
புயலுக்கு ஒதுங்கினான், பெட்டியைப் புதைத்தான்,
குழி தோண்டிய இருவரையும்
பெட்டிமேலேயே கிடத்திவிட்டுப் போனான்.
ஜெர்மானியர்களுக்கு மூன்று பெட்டி.
மழையில் நனைந்து வந்தவர்களுக்கு, பாவம்,
ஓர் இளவரசியும் சேர்த்து.

ஓதம் வற்றித் திரும்ப ஏறுமுன் நாற்பது நிமிடம்,
அவ்வளவுதான் குகை தரும்.
என்ஜினை நிறுத்திவிட்டுத் துடுப்பால் தள்ளவேண்டும்.
வாசலில் எல்லோரும் குனிவார்கள்,
குனியத் தேவையில்லாத குள்ளர்களும்.
உள்ளே நீர் பச்சை, அப்புறம் கறுப்பு.
பேச்சு தானாக நின்றுவிடும்.
கடைக்கோடியில் ஒரு பாய் அகலத்துக்கு மணல்.
பிள்ளைகள் தோண்டுவது அதில்தான்.

வெறுங்கையோடு எழுந்து நிற்கும் பிள்ளைகளின் முகம்
ஃபரூக்கோவுக்குத் தாங்கவில்லை.
குழாய் வேலைக்காரன், பித்தளைக்குப் பஞ்சமில்லை.
கொட்டகையில் அறுத்து, தட்டி, வினிகரில் ஊறவைத்து,
அச்சில் ஒரு ராஜா தலை.
மாதிரிக்கு ராஜா கிடைக்காததால்
என் அண்ணன் அமாரோவின் மூக்கு.
ஏப்ரலில் இருபது, ஜூலையில் நாற்பது.
இரவில் தனியே போய் விதைத்துவிட்டு வருவான்,
விதைப்பது என்றுதான் சொல்வான்.
அமாரோவின் மூக்கு இப்போது
லிஸ்பனில், லியோனில், எங்கெங்கோ
அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது.

அபராதம் எவ்வளவு வரும் என்று
காப்பி ஊற்றும்போதே கணக்குப் போட்டேன்.

ஆனால் ஃபரூக்கோ போய் நான்கு கோடை ஆகிறது.
சாகவில்லை. வீகோவில் இருக்கிறான், ஒரு பல் மருத்துவரோடு.
போகும்போது ரம்பத்தை எடுத்துக்கொண்டான்,
அச்சை விட்டுவிட்டான்.
அதன்பின் அந்த மணலில் யாரும் எதையும் விதைக்கவில்லை.
பிள்ளைகள் சிப்பியோடு திரும்பினார்கள்.
அந்த முகத்துக்கு
நான் பழகிக்கொண்டேன்.

அதிகாரி உறையைப் பிரித்து
நாணயத்தை என் பக்கம் தள்ளினார்.
மூக்கைத் தேடினேன்.
மூக்கு இல்லை. தலையே இல்லை.
தேய்ந்த ஒரு சிலுவை, கோணலாய் வெட்டிய ஓரம்,
அடுப்படிக் கரிபோல் கறுப்பு.
எடுத்துப் பார்த்தால்
அந்த அளவுக்கு இருக்கக்கூடாத கனம்.

'உங்களுடையது இது இல்லை, எனக்குத் தெரியும்' என்றார்.
அலுவலக இழுப்பறையில் பதினொரு மூக்கு வைத்திருக்கிறாராம்.
பன்னிரண்டாவதைத் தன் மகளுக்குக் கொடுத்தாராம்.
அவளிடம் எதையும் சொல்லவில்லையாம்.
சர்க்கரை இரண்டு கரண்டி போட்டுக்கொண்டார்.

பேனா இப்போது என் கையில்.

பதினான்கு வருடம்,
ஒரு நாளைக்கு இரண்டு பயணம்.
ஒவ்வொரு பயணத்திலும், மதியச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும்,
அந்த இருவரையும் கொன்றிருக்கிறேன்.
சிரிப்பு வரவழைக்க ஒருவனுக்கு விக்கல் கொடுத்தேன்.
இன்னொருவனுக்கு எதுவும் கொடுத்ததில்லை,
பெயர்கூட.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.
ஏழாவதைக் காலியாகவே விட்டு
எட்டாவதில் கையெழுத்துப் போட்டேன்.

நாளை வற்றுநீர் காலை ஆறு பத்துக்கு.
பதினொரு பேர் பணம் கட்டியிருக்கிறார்கள்.
குகை வாசலில் என்ஜினை நிறுத்தியதும்
எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள்.