சட்டைப் பையில் ஒரு வட்டம்

பதினோரு மாதமாகப் பாதிக் கொழுப்பு.
மதுரையில் நெஞ்சுக்குள் கம்பிச்சுருள் வைத்த வாரமே
காரைக்குடிக் கடையிலிருந்து உமையாள் வாங்கி வந்தாள்,
எண்ணெய்க்குள் இறங்காமல் அனலில் வெந்த தேன்குழல்.
பச்சை உறை. உறைமேல் சிரிக்கிற இதயம்.

கடித்தால் நொறுங்கும், ஒப்புக்கொள்கிறேன்.
ஆனால் அந்தச் சத்தத்துக்குப் பின்னால்
யாரும் வரமாட்டார்கள்.
வெள்ளையடித்த சுவரை நக்கியதுபோல.
நாள்தோறும் சொன்னேன்: சக்கை.
நாள்தோறும் அவள் சொன்னாள்:
"சக்கையத் தின்னுதான் உக்காந்து பேசுறீக."

இன்று கானாடுகாத்தானில் அடைக்கப்பன் மகள் கல்யாணம்.
பந்திக்கு முன்பே கொட்டகைக்குப் பின்னால் போனேன்.
கூடையில் குன்றாகத் தேன்குழல்.
சமையல்காரர் வீரணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்;
அதுதான் நாகரிகம்.

முதல் கடியில் வெண்ணெயும் சீரகமும் உளுந்தும்
ஒரே நேரத்தில் பேசின. கண்ணை மூடிக்கொண்டேன்.
இரண்டாவது: நல்லது.
மூன்றாவதில் அண்ணத்தில் ஒரு படலம்,
காப்பி ஊற்றியும் இறங்காத படலம்.
நான்காவதை எடுக்கவில்லை.
நாக்கு, சொல்லாமல் கொள்ளாமல்
கட்சி மாறியிருக்கிறது.
இதை எந்த வாயால் அவளிடம் சொல்வது?

நம்பாமல் ஒன்றைத் தாளில் மடித்துப்
பையில் வைத்துக்கொண்டேன்,
வீட்டில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க.
பேருந்து பள்ளத்தூர் தாண்டுமுன் தாள் தோற்றது.
இடப்பக்கம், சரியாகக் கம்பிச்சுருளுக்கு மேலே,
எட்டணா அகலத்தில் எண்ணெய்.

உமையாள் சட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.
"எடுங்க."
தட்டில் அதை வைத்தாள்,
பக்கத்தில் பச்சை உறைக்காரனை.
இரண்டிலும் ஒரு துண்டு ஒடித்து
மென்றாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி மென்றாள்.
"கல்யாணத்துப் பலகாரத்துல உப்பே இல்ல."

கண்ணாடியைப் போட்டு உறையைத் திருப்பினோம்.
மடிப்புக்குள், எறும்பு எழுத்தில்,
கொழுப்பைப் பாதியாக்கியவன்
உப்பை இரட்டிப்பாக்கியிருந்தான்.
என் நாக்கு ஏங்கியது அதற்குத்தானா, தெரியவில்லை.

ரத்தக்கொதிப்பு மாத்திரை அலமாரியில் இருக்கிறது.
அது அவளுடையது.
பதினோரு மாதமாகத் துணைக்கு அவளும்
இதைத்தான் தின்றாள்.
பிடித்துத் தின்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

தட்டில் இன்னும் இரண்டும் கிடக்கின்றன,
ஒன்று மினுங்கிக்கொண்டு, ஒன்று வெளிறி.
"வெள்ளரிக்கா வாங்கிட்டு வாங்க" என்கிறாள்,
தட்டிலிருந்து கையை எடுக்காமல்.