கயிறு எட்டும் வரை

எமரால்டு அணையில் ஓதம் உண்டு என்றால்
கடற்கரைக்காரர்கள் சிரிப்பார்கள்.
சிரிக்கட்டும்.
இங்கே தண்ணீரை இழுப்பது நிலா இல்லை,
கீழே ஓடுகிற கிரைண்டர்.
விடிகாலையில் கோயம்புத்தூர் மொத்தமும்
வெந்நீர் போடும்போது
என் படகு ஒரு விரற்கடை இறங்கும்.
ஞாயிற்றுக்கிழமை மில்கள் தூங்கினால்
அதுவும் கொஞ்சம் தூங்கும்.

விரற்கடைதானே என்று விடமுடியாது.
சரிவு அப்படி:
தண்ணீர் ஒரு சாண் இறங்கினால்
பத்தடி சேறு எழுந்து உட்காரும்.
கயிற்றைக் குட்டையாகக் கட்டினால்
காலையில் படகு ஒருக்களித்து
செருப்பைத் தொலைத்தவள் மாதிரி கிடக்கும்.
நீளமாக விட்டால்
அவலாஞ்சிப் பக்கத்துக் காற்று
கூட்டிக்கொண்டு போய்
எதிர்க்கரைக் கேரட் தோட்டத்தில் விடும்.
போன ஆனியில் அப்படித்தான்.
போஜன் அதில் நாலு மூட்டை கேரட் அடுக்கிவிட்டு
வாடகை எவ்வளவு என்று கேட்டார்.

சித்திரை பதினொன்று.
படகின் நெற்றியில் ஒரு தாள்,
பசை காயவில்லை.
‘அனுமதியின்றி நிறுத்தப்பட்டுள்ள மேற்படி மிதவையை
ஏழு தினங்களுக்குள் அகற்றத் தவறினால்…’
மேற்படி.
பக்கவாட்டில் சிவப்புப் பெயிண்டில்
ஸ்டெல்லா என்று எழுதியிருக்கிறேன்,
ஒட்டியவர் அதன் மேலேயே
கையை ஊன்றி ஒட்டியிருக்கிறார்.

மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் கிருபாகரன்
ஸ்வெட்டர் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு
‘தண்ணீர் எங்களுடையது, கரை வனத்துறை’ என்றார்.
வனத்துறையில் வரைபடத்தை விரித்தார்கள்.
‘கரை எங்களுடையதுதான்,
நிறைமட்டக் கோட்டுக்கு மேலே.
உங்களது கோட்டுக்குக் கீழே நிற்கிறது.’
மீன்வளத்துறையில்
மீன் அவர்களுடையதாம்.
படகைப் பற்றி வருத்தம் இருந்தது,
அதிகாரம் இல்லை.
தாளின் கையெழுத்தை மூன்று மேசையிலும் காட்டினேன்.
மூன்று மேசையிலும்
பக்கத்துக் கட்டிடத்தைக் காட்டினார்கள்.

மறுபடி கிருபாகரன்.
‘கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில்
சேறு கிடக்கிறதே, அது யாருடையது?’
‘மழைக்காலத்தில் எங்களுடையது.’
‘சித்திரையில்?’
தேநீர் வந்தது.

அந்தச் சேற்றில் ஒரு கட்டை நிற்கிறது.
அணை கட்டியபோது முழுகிய மரம்,
கோடையில் மட்டும் தலை காட்டும்.
வெட்டியதாகவும் கணக்கில் இல்லை,
நிற்பதாகவும் கணக்கில் இல்லை.
அதில்தான் கட்டியிருக்கிறேன்.
செத்த பிறகும் அதற்கு இருக்கிற பிடி
முத்திரை வைத்த யாரிடமும் நான் பார்க்கவில்லை.

டனல் ஷட்டர் எப்போது திறக்கும் என்று
எங்கும் எழுதி ஒட்டுவதில்லை.
வாச்சர் பெள்ளனிடமிருந்து
ஒரு மிஸ்டு கால் வரும், இரவு இரண்டுக்கோ மூன்றுக்கோ.
போர்வையோடு இறங்கி
டார்ச்சைப் பல்லால் கவ்விக்கொண்டு
நாலு பாகம் கயிறு விடுவேன்.
மறுநாள் டீக்கடையில்
என்னை அறியாதவர் மாதிரி
வர்க்கியை நனைத்துக்கொண்டிருப்பார்.
நானும் மழையைப் பற்றி
வேறு யாரிடமாவது பேசுவேன்.

ஏழாவது நாள் படிவம் கிடைத்தது.
மூன்று நகல்.
பெயர்: அருளம்மாள்.
கணவர் அல்லது தந்தை பெயர்: எழுதினேன்,
கடனில் ஒரு தவணைகூட இருவரும் கட்டவில்லை என்றாலும்.
தொழில்: கெண்டை.
நிறுத்தும் இடத்தின் சர்வே எண்:

பேனா நின்றது.
ஜன்னலுக்கு வெளியே அந்த இடம்
போன வாரத்திலிருந்து ஆறடி நகர்ந்திருந்தது.
எழுதினேன்:
கயிறு எட்டும் வரை.

கிருபாகரன் இரண்டு முறை படித்தார்.
அடிப்பார் என்று நினைத்தேன்.
குளிரில் மை காய்ந்த முத்திரையை
வாயருகே வைத்து ஊதி
மூன்று நகலிலும் குத்தினார்.
‘ஆனி வரைக்கும்தான்.’
‘அப்புறம்?’
‘அப்புறம் மரம் முழுகிவிடும்.’

படியிறங்கும்போது மஞ்சு இறங்கிவிட்டது,
அணை இருக்கிற பக்கம் வெள்ளையாக இருந்தது.
பகல் பன்னிரண்டு மணி.
பைக்குள் செல்போன்
ஒரு தரம் அடித்து நின்றது.
ஓடினேன்.