மூன்றாம் தவணை

சம்பூர், திருகோணமலை.

அற்புதராசா அங்கிள்,
காசு கிடைத்தது. நன்றி.
அழுது எழுதாதே,
புள்ளியை எழுது, சிரித்த படம் ஒன்று வை
என்று நிறுவனத்து அக்கா சொன்னா.
வைத்திருக்கிறேன். டவுனில் எடுத்தது.
சப்பாத்து பிரதீபாவுடையது.

இணைந்த கணிதம் அறுபத்தொன்று.
பௌதிகம் சொல்லமாட்டேன்.
பெற்றோர் கையொப்பம் என்ற கோட்டில்
சின்னம்மா பெருவிரல் வைத்தா.

நீங்கள் வாங்கித் தந்த சைக்கிளை
ஆவணியில் மூதூர் நானாவின் கடையில்
ஈடு வைத்தேன்.
சின்னம்மாவுக்குக் காய்ச்சல்.
மீட்டாயிற்று.
மணி மட்டும் திரும்பி வரவில்லை.
றோட்டில் யானை நிற்கிற விடியலில்
மணி இல்லாததும் நல்லதுதான்.

இனி எழுதுவதை
அக்காவுக்குக் காட்டவில்லை.

முதல் வருடம் ஐந்தாம் திகதியே வந்த காசு
பிறகு பதினைந்தில் வந்தது,
பிறகு மாதக் கடைசியில்.
இந்தமுறை இரண்டு துண்டாய்.
வங்கிச் சீட்டெல்லாம் வைத்திருக்கிறேன்.
அப்படி வருகிற காசை எனக்குத் தெரியும்.
எங்கள் வீட்டு அரிசி
அப்படித்தான் வரும்.

பிந்தினால் பிந்தட்டும்.
ரியூசன் சேர் பொறுப்பார்,
அவருக்கும் பிந்தித்தான் சம்பளம்.

அங்கிள்,
அங்கே அந்தக் குளிரில்
உங்களிடமும் யாராவது
சிரித்த படம் கேட்கிறார்களா?

கேதாரணி