பொட்டுப் பாக்கெட்

ஒன்றாம் வகுப்பு. பதினேழு பேர்.
ஆளுக்கு ஐந்து சிவப்புப் பொட்டு
என் பாக்கெட்டிலிருந்து கிழித்துக் கொடுத்தேன்:
"வீட்டில் எது சுடுமோ, கடிக்குமோ, வழுக்குமோ
அதற்கு வைத்துவிட்டு வாருங்கள்."

மறுநாள் பள்ளத்தூரே பொட்டு வைத்திருந்தது.
சிலிண்டருக்கு, சுவிட்சுக்கு, கிணற்று மோட்டாருக்கு.
நாய்க்கு வைக்க முடியவில்லை, ஓடிவிட்டதாம்.
ஆத்தங்குடிக் கல்லில் ஈரம் பட்டால்
ஆள் காலி என்றான் அடைக்கப்பன்;
காயும்வரை காத்திருந்து ஒட்டினானாம்.
சீடைச் சட்டிப் பக்கம் போன சிகப்பியை
அவள் அம்மா கரண்டியோடு துரத்தியிருக்கிறாள்.
"அதனால அம்மா கையிலயே வச்சுட்டேன் மிஸ்,
எண்ணெய்கிட்ட நிக்கிறது அவங்கதானே."

சாத்தையா மட்டும் நான்கோடு நிறுத்தினான்.
ஐந்தாவது?
தொலைந்துவிட்டது என்றான்,
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு.

நாலு மணிக்குக் கிளம்பினேன்.
ஸ்கூட்டர் கண்ணாடியில்
வாங்கிய நாளிலிருந்து தொங்கும் ஹெல்மெட்.
அதன் நடுநெற்றியில்
கொஞ்சம் கோணலாக ஒன்று.

கேட்டுக்குப் பின்னால்
ஒரு புத்தகப்பை மட்டும் தெரிந்தது,
ஆள் தெரியவில்லை.

கோட்டையூர் வரை
வேர்த்து ஊற்றியது.
கழற்றவில்லை.