ஓட்டுநர் பக்கம்

கோழிக்கூண்டு ஏற்றிவந்த லாரி
தாராபுரம் ரோட்டில் உரசிப்போனதில்
பொங்கியண்ணனின் ஜெர்மன் காருக்கு
ஒரு காது போயிற்று.
வலக்காது.
"அந்த மாடல் நின்னு பதினாறு வருசமாச்சுங்க"
என்று கோயமுத்தூரில் கையை விரித்தார்கள்.
டெல்லியில் இருக்கிறதென்றவன்
முன்பணம் வாங்கியபின் போனை எடுக்கவில்லை.

பல்லடத்தில் அந்தப் பட்டறைக்குக் கணக்கு எழுதுகிறவள் நான்.
சாதிக்குக்கு இங்கிலீஷ் ஆகாது,
எனக்கு ஸ்பேனர் ஆகாது.
ஆகவே வெளிநாட்டோடு பேச்சுவார்த்தை என் இலாகா.

லிதுவேனியாவில் ஒருவன். பெயர் யோனாஸ்.
செத்த கார்களைப் பிரித்து விற்கிறவன்.
படம் அனுப்பியிருந்தான்:
பனிமேல் மல்லாத்திய கண்ணாடி,
அதற்குள் இலையில்லாத ஒரு மரம்,
குனிந்து படமெடுக்கும் அவனுடைய
கம்பளித் தொப்பியில் பாதி.
விற்கிற பொருளுக்குள் விற்கிறவனும் கிடந்ததை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எந்தப் பக்கம் என்று கேட்டான்.
ஓட்டுநர் பக்கம் என்று எழுதினேன்.
ஒரு பக்கத்தை
இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

முப்பத்தெட்டு யூரோ பொருளுக்கு
நாற்பத்தொரு யூரோ வண்டிச்சத்தம்.
ஐப்பசியில் கிளம்பியது.
பால் வந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல்
தினமும் பார்த்தேன்.
வில்னியஸ். பிராங்க்ஃபர்ட்.
பிறகு சென்னைக்கு வந்து
பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி
உட்கார்ந்துகொண்டது.
சுங்கத்தில் கேட்டார்கள்: பழசா, புதுசா?
பழசென்றால் ஏன் இவ்வளவு விலை?
புதுசென்றால் ஏன் இவ்வளவு கம்மி?
ஆதார் நகல், பணம் கட்டிய ரசீது,
சொந்த உபயோகத்துக்கு என்று
பொங்கியண்ணன் கையெழுத்தில் ஒரு கடிதம்.
அப்புறம் வரி.

மார்கழியில் ஒரு வியாழக்கிழமை வந்தது.
புரியாத எழுத்தில் செய்தித்தாள் சுற்றி,
அதற்கும் உள்ளே
சின்னப்பிள்ளையின் கம்பளிச் சட்டை சுற்றி.
சாதிக் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
காரோடு வைத்துப் பார்த்தார்.
"அம்மிணி, இது எடதுங்க."

அவன் ஊரில்
ஓட்டுகிறவன் இடப்பக்கம் உட்காருகிறான்.
நான் கேட்டதைத்தான் அனுப்பியிருக்கிறான்,
ஓர் எழுத்துப் பிசகாமல்.

பொங்கியண்ணன் வந்தார்.
"எடது நல்லாத்தான இருக்குது?
அதும் ஒடையற வரைக்கும்
நான் காத்துக்கெடக்கோணுமா?"
திருப்பி அனுப்ப
வாங்கியதைவிட அதிகம் ஆகும்.
என் சம்பளத்தில் பிடித்தம் என்று முடிவானது,
மூன்று தவணை.

யோனாஸுக்கு எழுதினேன்:
எங்களுக்குச் சாலை மறுபக்கம்.
வருந்துகிறேன், யாரும் சொல்லவில்லை என்றான்.
எனக்கும்தான்.

கண்ணாடியின் முதுகில் இரண்டு ஒயர்
மிச்சமாகத் தொங்கின.
உறைபனியை உருக்குவதற்கு என்று எழுதினான்.
சாதிக் சிரித்த சிரிப்பில்
எதிர்க்கடை டீ சிந்தியது.
இங்கே படிவது தறிப்பஞ்சும்
கோழித்தீவனத் தூசியும்.

மறுநாள் விடிகாலை
ரோட்டுக்கு அந்தப்புறம் தெரியாத மூட்டம்.
சார்ஜுக்கு வந்த பேட்டரி ஒன்றில்
ஒயர் இரண்டையும் கடித்துவிட்டு
ஊதுங்க என்றார்.
ஊதினேன்.
முகம் போய்விட்டது.
நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தெளிந்து,
பிறகு கையகலம்:
முதலில் தகரக்கூரை,
அப்புறம் என் மூக்கு.

இப்போது அது ரசீது குத்தும் ஆணிக்குப் பக்கத்தில்.
கூலி வாங்க வருகிறவர்கள் தலை சீவிக்கொள்கிறார்கள்.

நேற்று வேறொரு வண்டிக்கு விளக்கு வேண்டியிருந்தது.
சோத்துக்கைப் பக்கம் என்று எழுதப்போய்
அழித்துவிட்டேன்.
அங்கே முள்கரண்டி
எந்தக் கையிலோ.
ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து
வேண்டிய பக்கத்துக் கையைத் தூக்கினேன்,
சாதிக் படமெடுத்தார், அனுப்பினோம்.
யோனாஸின் பதில் வெறும் கட்டைவிரல்.

அது எந்தக் கை என்று
பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.